கொல்லைக் குளத்துக்கு எந்த வடிகட்டி?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. கோய் மீன் (அலங்கார வண்ணக் கெண்டை) விடப்போகும் கொல்லைக் குளத்துக்கு எந்த வடிகட்டி நல்லது என்று கேட்டிருந்தாய். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாளா, ரொம்ப சந்தோஷம். அப்படியானால் குளத்தின் மேல் கம்பி வலை போட்ட பிறகே தண்ணீர் விடு.

3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் என்றால் 6,000 லிட்டர். கடையில் காட்டிய பிரஷர் ஃபில்டர் (அழுத்தத்தில் தண்ணீரை வடிகட்டும் மூடிய டப்பா) வேண்டாம். டப்பாவில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் மீன் குறைவான குளத்துக்கானது. கோய் மீன் நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும்; அந்தச் சின்ன டப்பா அடிக்கடி அடைத்துக்கொள்ளும்.

வடிகட்டியாக 200 லிட்டர் நீல டிரம் இரண்டு போதும். மோட்டார் குளத்துத் தண்ணீரை முதல் டிரம்முக்கு ஏற்றும்; இரண்டாவதிலிருந்து அது குளத்துக்குத் திரும்பும். முதல் டிரம்மில் தண்ணீர் பக்கவாட்டில் நுழைந்து சுழலட்டும், கசடு அடியில் தங்கும். அடியில் ஒன்றரை அங்குல வால்வு வைத்து, இரண்டு நாளுக்கொரு முறை திறந்துவிடு; செடிக்கு நல்ல உரம். இரண்டாவதில் பாக்டீரியா ஒட்டி வளர ஜப்பானிய மேட் (சொரசொரப்பான நார் விரிப்பு) அல்லது பயோ பால் (ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் உருண்டை), கீழே காற்று பம்பில் இணைத்த ஒரு காற்றுக்கல் (காற்றைக் குமிழியாக விடும் கல்). அங்கே வளரும் பாக்டீரியாதான் மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும். திரும்பும் குழாய் 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் டிரம் வழிந்து குளம் வற்றிவிடும்.

மோட்டார் மணிக்கு 3,000 லிட்டர் தர வேண்டும், அதுவும் உன் டிரம்மின் உயரத்துக்கு ஏற்றும்போது. அட்டையில் இருப்பது உயரமே இல்லாத நிலையின் அளவு. 60 வாட் மோட்டார் என்றால் மாதம் 43 யூனிட் ஆகும். மிச்சம் பிடிக்க ராத்திரி நிறுத்திவிடாதே, காற்றில்லாமல் பாக்டீரியா செத்துப்போகும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு, கெட்டுப்போன டிரம் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு ஓட்டு. காற்று பம்பை இன்வெர்ட்டரில் இணைத்துவிடு. குளத்து மின் இணைப்பு முழுவதற்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.

ஜப்பானிய மேட்டை கார்ப்பரேஷன் தண்ணீரில் கழுவாதே. அதிலுள்ள குளோரின் பாக்டீரியா எல்லாவற்றையும் கொன்றுவிடும். குளத்துத் தண்ணீரிலேயே ஒரு தடவைக்குப் பாதி மேட் மட்டும் அலசு.

யு.வி. (புற ஊதா) விளக்கு பச்சைத் தண்ணீரைத் தெளிய வைக்கும், நூல் பாசியை ஒன்றும் செய்யாது. இப்போதைக்கு வாங்காதே. அந்தப் பணத்தில் அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்கு. பாக்டீரியா வளர நாளாகும், அதனால் முதல் ஆறு வாரம் இரண்டு மூன்று மீன் மட்டும் விடு. உங்கள் போர் தண்ணீரில் பி.எச். (அமில, கார அளவு) 8-க்கு மேல் இருந்தால் கொஞ்சம் அம்மோனியாவே மீனைச் சாகடிக்கும்; வெயில் காலத்தில் இன்னும் மோசம்.

பிளம்பரைக் கூப்பிடும் முன் டிரம் வைக்கும் இடத்தைப் படமெடுத்து அனுப்பு. இரண்டாவது டிரம்மின் வெளிவாய் குளத்து நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராமநாதன்