அந்த வீட்டைப் பற்றி, பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய வீட்டு விளம்பரத்தை நானும் அம்மாவும் பார்த்தோம். அம்மாவுக்கு அந்தச் சமையலறை ஜன்னல் ரொம்பப் பிடித்துவிட்டது. என் கண் போனது, அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்த விற்பனை விவரத்தில்தான். முதலில் கட்டியவர்கள் இருபது வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறார்கள். அப்புறம் பத்து வருடத்துக்குள் மூன்று கை மாறியிருக்கிறது. ஏன் என்று கேட்டாயா?

வேலை மாற்றல், குடும்பம் பெருகுவது என்று ஆயிரம் காரணம் இருக்கலாம், சரி. ஆனால் 6 சதவீத வட்டியில் 30 வருடக் கடன் வாங்கினால், 5 வருடம் தவணை கட்டி முடிக்கும்போது அசலில் 7 சதவீதம்தான் குறைந்திருக்கும். கட்டியதில் ஐந்தில் நான்கு பங்கு வட்டிக்கே போயிருக்கும். அதற்குள் விற்றால் கையில் அதிகம் நிற்காது. விலை ஏறினால் விற்பார்கள், தப்பில்லை. இந்த வீட்டை இரண்டாவதாக வாங்கியவர் வாங்கின விலைக்கும் குறைத்துக் கொடுத்திருக்கிறார். அப்படிக் கொடுக்கிறார் என்றால், ஒன்று வீட்டில் கோளாறு, இல்லை வீட்டுக்குள் இருக்கிறவர்களிடம் கோளாறு.

நல்ல மழை பெய்யும் நாளில் ஒரு தரம் போய்ப் பார். மூன்றாவது படத்தில் பின்னறையின் ஒரு சுவருக்கு மட்டும் புதுசாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மாமா வீட்டில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை உள்ளங்கையால் தடவிப் பார். தரை ஈரம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான் ஏறும். பெயின்ட் கொப்பளித்திருந்தாலோ, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, மேலே எத்தனை கோட் அடித்தாலும் நிற்காது. அலமாரியை நகர்த்திப் பார்க்கக் கூச்சப்படாதே. வாங்கப்போகிறவள் நீ.

ரயில் நிலையம் 600 மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். வரைபடத்தில் பார்த்தேன், நடுவில் பெரிய சாலை ஓடுகிறது. நேர்கோட்டில் அளந்து எழுதியிருக்கிறார்கள். சுற்றிக்கொண்டு போனால் இரண்டு மடங்கு வரும். குட்டியையும் பையையும் பிடித்துக்கொண்டு தினமும் நீ ஒருத்தியாகவா நடப்பாய்? பள்ளி பக்கத்தில் இருப்பதாலேயே இடம் கிடைத்துவிடாது. பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் எல்லை எந்தத் தெருவோடு முடிகிறது என்று பள்ளியிலேயே கேள். குட்டிக்கு இப்போதைய பள்ளி பிடித்திருப்பதாகத்தானே சொன்னாய்?

வங்கியில் நீயே பேசி வட்டியைக் குறைத்ததை இங்கே தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். அந்தச் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. ஆனால் இவ்வளவு தூரம் வந்த பிறகுதான் எங்களுக்குச் சொல்வதா?

இரண்டே படுக்கையறை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்கு ஓர் அறை வேண்டாமா என்று அம்மா கேட்டாள். அவர் வீட்டைப் பார்த்தாரா, என்ன சொன்னார் என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. போனிலும் அவர் குரலைக் கேட்டு நாளாகிறது. வேலை அதிகம் என்றாய். இருக்கட்டும்.

மழையில் போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே.

கடன் விண்ணப்பத்தில் இரண்டு பேர் பெயரா, உன் பெயர் மட்டுமா என்று சொல். உன் பெயர் மட்டும் என்றால் முன்பணத்தில் பாதியை நாங்கள் போடுகிறோம், திருப்பித் தர வேண்டாம். காரணத்தை நீ சொல்கிறபோது சொன்னால் போதும்.

அப்பா