காது கேட்காதவர்களுக்கும் அரட்டை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எக்ஸ் (முன்பு ட்விட்டர்), ப்ளூஸ்கை, மாஸ்டடான் போன்ற குறும்பதிவுத் தளங்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாலு வரியில் யாரோ எதையோ எழுத, அதை வேறு யாரோ படிக்க, ஒருவருக்கும் ஒரு பயனும் இல்லை என்கிறார் கட்டுரையாளர். பேரிடர் நேரத்தில் உதவும் என்று ஒரே ஒரு வரியில் சலுகை கொடுத்துவிட்டு, மற்றதெல்லாம் வெட்டி அரட்டை என்று ஒதுக்கியிருக்கிறார். அந்த வெட்டி அரட்டைக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

எனக்குக் காது கேட்காது. பள்ளியில் படிக்கும்போது வந்த மூளைக்காய்ச்சல் கேட்கும் திறனைக் கொண்டுபோய்விட்டது. பேச வரும், படிக்க வரும். எதிரில் இருப்பவர் நிதானமாகப் பேசினால் உதட்டசைவைப் பார்த்துப் பெரும்பாலும் பிடித்துக்கொள்வேன். பெரும்பாலும்தான். பகரமும் மகரமும் உதட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும். ‘படி’ என்றாரா ‘மடி’ என்றாரா என்பதை முன்னும் பின்னும் வரும் வார்த்தைகளை வைத்து ஊகிக்க வேண்டும். மூன்று பேர் மாறி மாறிப் பேசினால், யார் வாயைப் பார்ப்பது என்று திரும்புவதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தாவியிருக்கும்.

அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வேலை சம்பந்தமாக எனக்குத் தெரிய வேண்டியது எல்லாம் எழுத்தில் வந்துவிடும், அதில் குறையே இல்லை. மதிய இடைவேளையில்தான் சங்கடம். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் திடீரென்று எல்லோருமாகச் சிரிப்பார்கள். பக்கத்தில் இருப்பவரின் கையைத் தொட்டு “என்ன?” என்று கேட்பேன். “ஒண்ணுமில்ல, சும்மா” என்பார். அவர் மனதில் கெட்ட எண்ணம் கிடையாது. சிரித்து முடித்த ஒன்றை முதலிலிருந்து விளக்கினால் அதில் சிரிப்பு மிஞ்சாது என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு தலையாட்டுவது ஒவ்வொரு முறையும் வலிக்கத்தான் செய்கிறது.

காது கேட்பவர்களுக்குத் தெரிந்த விஷயங்களில் பாதியை யாரும் அவர்களிடம் நேராகச் சொன்னதில்லை. பேருந்தில் முன் இருக்கையில் பேசுவதும், மருத்துவமனை வரிசையில் பேசுவதும், பக்கத்து அறையில் பேசுவதும் தானாகக் காதில் விழுகிறது. எந்தப் படிப்புக்கு மவுசு குறைகிறது, எந்த மாத்திரை வயிற்றைப் புரட்டும், புதிதாக வந்த மேலாளர் எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவருகிறது. எனக்கு ஒருவர் மெனக்கெட்டுச் சொன்னால்தான் உண்டு. மெனக்கெடும் அளவுக்கு அவை பெரிய விஷயங்கள் இல்லை என்பதால் யாரும் சொல்வதில்லை.

அடுத்தவர் பேச்சு தானாக என்னை வந்து சேர்ந்தது குறும்பதிவுத் தளத்தில்தான். நள்ளிரவில் ஒருவர் தூக்கம் வரவில்லை என்று எழுதுகிறார். இன்னொருவர் குடையைப் பேருந்திலேயே விட்டுவிட்டு இறங்கியதைச் சொல்கிறார், உடனே கீழே வரிசையாகத் தாங்கள் தொலைத்த குடைகளைப் பற்றி ஆளாளுக்குச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். நான் பதில் போடலாம், போடாமல் படித்துவிட்டும் போகலாம். யாருடைய கையையும் தொட்டு “என்ன?” என்று கேட்கும் அவசியம் இல்லை. கட்டுரையாளர் குப்பை என்று தள்ளியது இதைத்தான்.

இந்தக் குற்றச்சாட்டு புதிதும் அல்ல. 2009-ல் பியர் அனலிட்டிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2,000 ட்வீட்களை எடுத்து வகை பிரித்து, அவற்றில் சுமார் 40 சதவீதம் அர்த்தமற்ற பிதற்றல் என்று அறிவித்தது. அப்போதே டானா பாய்ட் என்ற ஆய்வாளர் அதை மறுத்தார். மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டிருப்பதற்கும், சுற்றி இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அறிந்திருப்பதற்கும் இந்தச் சின்னப் பேச்சுதான் வழி என்பது அவருடைய வாதம். நான் அவர் பக்கம். கட்டுரையாளர் மனமிரங்கி ஒப்புக்கொண்ட பேரிடர் உதவியும் இந்தப் பிதற்றலில் இருந்துதான் வருகிறது. தரை ஆடியதும் மக்கள் தட்டிவிடும் “நிலநடுக்கமா?” போன்ற ஒற்றை வரிகளைத் திரட்டி, பல நிலநடுக்கங்களை 2 நிமிடங்களுக்குள் கண்டுகொள்ளும் முறை ஒன்றை அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் உருவாக்கியது. நிலநடுக்கமானிகள் அதிகம் இல்லாத பகுதிகளில் அது கூடுதலாகப் பயன்பட்டது. எந்நேரமும் அங்கே உட்கார்ந்து வெட்டியாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் இருந்ததால்தானே அந்த வரிகள் நிமிடத்தில் வந்து விழுந்தன?

2022 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியை ஒரு கண்ணால் தொலைக்காட்சியிலும் மறு கண்ணால் கைபேசியிலும் பார்த்தேன். அர்ஜென்டினா 2-0 என்று முன்னிலையில் இருந்தது. பதிவுகள் ஓடும் டைம்லைனில் அந்த அணியின் மெஸ்ஸிக்கு வாழ்த்துச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். 80-ஆவது நிமிடத்தில் எதிரணியான பிரான்ஸின் எம்பாப்பே பெனால்ட்டியில் ஒரு கோல் அடித்தார். ஒன்றரை நிமிடம் கழித்து இன்னொன்று. திரை முழுக்க “அய்யோ”, “போச்சு”, “யோவ் என்னய்யா நடக்குது” என்று வார்த்தைகள் கொட்டின, சிலர் வெறும் ஆச்சரியக்குறிகளைப் போட்டார்கள். ஒரு அரங்கம் அலறினால் எப்படி இருக்கும் என்பதைக் காது போன பிறகு எனக்குக் காட்டியது அந்த இரவுதான். அந்தப் பதிவுகளில் ஒன்றுகூடத் தனியாக எடுத்துப் படிக்கத் தகுந்தது அல்ல. எனக்கு அந்த அலறல் மொத்தமாகத்தான் வேண்டியிருந்தது.

இந்தத் தளங்கள் எழுத்தை நம்பிப் பிறந்தவை. 2006-ல் வந்த ட்விட்டரில், குறுஞ்செய்தியின் 160 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும் என்றுதான், பயனர் பெயருக்கு இடம் விட்டு, பதிவுக்கு 140 வைத்தார்கள். தமிழில் எழுதுபவர்களுக்கு அதிலும் நெருக்கடி. புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கில் சேர்வதால், மூன்றெழுத்து ‘தமிழ்’ ஐந்தாகிவிடும். 2017-ல் 280 ஆக்கிய பிறகுதான் மூச்சுவிட முடிந்தது. அப்படிப்பட்ட தளத்தில் 2020 ஜூனில் குரல்பதிவு வசதியை எழுத்து வடிவம் இல்லாமல் அறிமுகப்படுத்தினார்கள். எங்களைப் போன்றவர்கள் உலகெங்கும் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, மறு ஆண்டு ஜூலையில் அதற்கு எழுத்து வரி வந்தது. அந்த எதிர்ப்பையும் நாங்கள் குறும்பதிவுகளில்தான் சொன்னோம்.

கெடுதல் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கட்டுரையாளர் கை நீட்டியது தவறான ஆள் மேல். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி, 2018-ல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். பொய்ச்செய்தி ரீட்வீட் ஆகும், அதாவது மற்றவர்களால் மறுபடி பகிரப்படும், வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம். உண்மை 1,500 பேரைச் சென்றடைய, பொய்யைப்போல ஆறு மடங்கு நேரம் பிடித்தது. இதில் குடை தொலைத்தவருக்கு என்ன பங்கு? ஆரம்பத்தில் ஒருவர் சொன்னதைப் பரப்ப வேண்டுமானால் நகலெடுத்து, முன்னால் ஆர்டி (ரீட்வீட்) என்று போட்டு, கைப்பட எழுத வேண்டும். அதற்குள் ஒரு தரம் படித்துவிடுவோம். 2009-ல் அதற்கென்று பொத்தான் வந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் கிறிஸ் வெதரெல் பத்து ஆண்டுகள் கழித்துத் தன் வேலைக்காக வெளிப்படையாக வருந்தினார். போதாக்குறைக்கு, 2016-லிருந்து பதிவுகள் நேர வரிசையை விட்டு, அல்காரிதம் என்ற கணினிக் கணக்கீடு தேர்ந்தெடுக்கும் வரிசையில் வரத் தொடங்கின. நாம் பின்தொடர்பவர்கள் இப்போது பேசுவது அடியில் போய், யாரென்றே தெரியாதவர்களின் நேற்றைய சண்டை மேலே வந்து நிற்கிறது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. பேச்சைக் குறை சொல்லிப் பொத்தானையும் அல்காரிதத்தையும் விட்டுவிடுகிற கட்டுரை, அந்த நிறுவனங்களுக்கு வசதியாகப் போய்விடும்.

இப்போதும் நான் மாஸ்டடானில் இருக்கிறேன். அங்கே பதிவுகள் வந்த நேரப்படியே வரிசையாக நிற்கும். கூட்டம் குறைவு, ஆனால் பேச்சைத் தொடக்கத்திலிருந்து பிடிக்க முடிகிறது. எக்ஸையும் விடவில்லை, நண்பர்கள் பலர் அங்கேதான். அங்கும், நான் பின்தொடர்பவர்களின் பதிவுகள் வரும் ‘ஃபாலோயிங்’ பக்கத்துக்குப் போய்த்தான் படிக்கிறேன்.

உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கணக்கில் முன்பு செய்தியை இரண்டு வரியில் எழுதி இணைப்புக் கொடுப்பீர்கள். அண்மைக்காலமாக ஒருவர் கேமராவைப் பார்த்துப் பேசும் காணொளிதான் வருகிறது, மேலே “இதைக் கேளுங்கள்” என்று மட்டும் எழுதியிருக்கிறது. பேசுபவரின் வாயை மைக் மறைத்துவிடுவதால் உதட்டசைவும் தெரிவதில்லை. காணொளியில் எழுத்து வரி சேருங்கள், முடியாத நாளில் சாரத்தையாவது இரண்டு வரியில் மேலே போடுங்கள். கீழே பின்னூட்டத்தில் இருநூறு பேர் எதற்காக மல்லுக்கட்டுகிறார்கள் என்று எனக்கும் தெரிந்தால், நானும் ஒரு வரி எழுதுவேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி