பிரிகடேரோ பெட்டி: பதம் தவறியது எங்கள் கையில் அல்ல

அனுப்புநர்:
வாடிக்கையாளர்கள், சாவோ பாவுலோ, பிரேசில்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: பிரிகடேரோ என்ற பிரேசில் சாக்லெட் உருண்டை இனிப்பை வீட்டில் செய்யும் பெட்டியில் உள்ள பால், கோகோ தூள், உருண்டை மேல் ஒட்டும் தூவல் மூன்றும் மேலட்டையில் சொன்னவை அல்ல, செய்முறைத் தாளும் பிழை. பணத்தைத் திருப்பித் தரக் கோரி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உருண்டை நிற்காமல் படிகிறது என்று எழுதிய எங்கள் முதல் மின்னஞ்சலுக்கு உங்கள் பிரிவிலிருந்து வந்த பதில் ஒரே வரி: "கலவையை இன்னும் சற்று நேரம் கிண்டியிருக்க வேண்டும்." சரி என்று இரண்டாவது பெட்டியை எடுத்து அதையும் செய்து பார்த்தோம். அதன் பிறகே இந்தக் கடிதம்.

முதலில் பால். பெட்டிக்குள் இருக்கும் 395 கிராம் அட்டைப் பொதியின் முன்பக்கம் முழுக்கப் பால் வழிகிறது, பசுவும் நிற்கிறது. பின்பக்கத்தில், மடிப்புக்குக் கீழே, கண்ணாடி போட்டுப் படிக்கும் அளவில் அதன் உண்மையான பெயர்: 'மிஸ்துரா லாக்தெயா கொண்டென்சாடா'. அதாவது பால் கலவை. 'லெய்த்தி கொண்டென்சாடோ' எனப்படும் கெட்டிப்பால் அல்ல. உட்பொருள் பட்டியலில் பாலோடும் சர்க்கரையோடும் சீஸ் எடுத்தபின் வடியும் நீரும் ஸ்டார்ச்சும் இருக்கின்றன. 20 கிராமுக்கு 1 கிராம் கொழுப்பு என்று உங்கள் அட்டவணையே சொல்கிறது. அது 5 விழுக்காடு. கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரத்தில் முழுக் கெட்டிப்பாலுக்குக் குறைந்தது 8 விழுக்காடு பால் கொழுப்பும் 28 விழுக்காடு பால் திடப்பொருளும் வேண்டும். இப்படியொரு கலவையை விற்பது குற்றமில்லை. கெட்டிப்பால் வேடம் போட்டு விற்பதுதான் வழக்கு.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. பிரிகடேரோவுக்கு மொத்தமே மூன்று பொருள்தான்: ஒரு டப்பா கெட்டிப்பால், ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், இரண்டு முதல் நான்கு கரண்டி கோகோ அல்லது சாக்லெட் தூள். மாவு இல்லை, முட்டை இல்லை. உருண்டை நிற்பதற்கு வேறு முட்டு எதுவும் கிடையாது. பாலில் உள்ள தண்ணீர் வற்றி, சர்க்கரை செறிந்து, கேசின் புரதம் இறுகுவதால்தான் அது நிற்கிறது. பாத்திரத்தைச் சாய்த்தால் கலவை முழுவதும் ஒரே கட்டியாகச் சுருண்டு நழுவ வேண்டும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அடிப்பாகம் இரண்டு மூன்று நொடி தெரிய வேண்டும். இங்கே 'பொன்டோ' என்று சொல்லும் பதம் அதுதான்.

ஸ்டார்ச் இந்தப் பதத்தைப் பொய்யாகக் காட்டிவிடும். தண்ணீர் வற்றுவதற்கு வெகு முன்பே, கொதிநிலைக்குக் கீழேயே, ஸ்டார்ச் வெந்து குழைந்து கலவையைக் கெட்டியாக்குகிறது. பார்த்தால் பதம் வந்த மாதிரியே இருக்கும். உள்ளே தண்ணீர் அப்படியே இருக்கும். நாங்கள் நிறுத்துப் பார்த்த கணக்கு இது: 395 கிராம் பால் கலவை, 15 கிராம் வெண்ணெய், 30 கிராம் தூள், ஆக 440 கிராம். ஆறாவது நிமிடத்திலேயே கலவை பாத்திரத்தை விட்டு விலகியது. இறக்கி நிறுத்தால் 425 கிராம். வற்றியது 15 கிராம் மட்டுமே. நான்கு மணி நேரம் ஆறவைத்தும் கையில் பசையாக ஒட்டியது. உருட்டி வைத்த உருண்டைகள் அரை மணியில் அடை போலப் படிந்தன.

இரண்டாவது பெட்டியில் உங்கள் ஆலோசனைப்படி, குறைந்த தீயில், 14 நிமிடம். எடை 395 கிராமுக்கு இறங்கியது. இம்முறை உருண்டை படியவில்லை, ஆனால் களி போல இழுபட்டது. வடிநீரில் வரும் புரதம் சூட்டில் திரிந்து சிறு சிறு திப்பிகளாக நாக்கில் தட்டியது. மறுநாள் மணல். வடிநீரோடு லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் கூடுதலாக வருகிறது; அது மற்றச் சர்க்கரை போலத் தண்ணீரில் எளிதாகக் கரைவதில்லை, தண்ணீர் வற்றினால் படிகமாகிவிடும். ஆகவே உங்கள் பாலைக் குறைவாகக் கிண்டினால் பசை, கூடுதலாகக் கிண்டினால் மணல். இடையில் நல்ல பதம் என்று ஒன்று எங்களுக்குக் கிடைக்கவில்லை.

தவறு அடுப்பிலா கையிலா என்ற கேள்வி எழக்கூடாது என்பதற்காக, அதே பாத்திரம், அதே வெண்ணெய், உங்கள் பெட்டியில் மிஞ்சிய அதே தூள் ஆகியவற்றோடு பாலை மட்டும் மாற்றி, பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் இல்லாத கெட்டிப்பாலை ஊற்றிக் கிண்டினோம். 14 நிமிடம், 392 கிராம். கையில் ஒட்டாமல் உருண்டது. இரண்டாம் நாளும் படியவில்லை. எடை ஏறக்குறைய ஒன்றே, விளைவு வேறு. வேறெதுவும் மாறவில்லை, பால்தான் மாறியது.

ஆனால் அந்த உருண்டையும் நிறம் வெளுத்து, தொண்டையைக் கரிக்கும் அளவுக்குத் தித்தித்தது. அது தூளின் கைவரிசை. முன்பக்கத்தில் '50 விழுக்காடு கோகோ' என்று தங்க எழுத்து. பின்பக்கத்தில் சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின், கோகோ என்ற வரிசை. உட்பொருள்களை அளவின் இறங்குவரிசையில்தான் எழுத வேண்டும். மூன்றாவது இடத்தில் இருப்பது எப்படியும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட முடியாது. 50 எங்கிருந்து வந்தது? இது பாலில் கலந்து குடிக்கும் 'அஷொகோலதாடோ'. பிள்ளைகளின் காலை டம்ளருக்கு நல்லது. ஏற்கெனவே பாதிக்கு மேல் சர்க்கரையாக உள்ள கெட்டிப்பாலில் அதைக் கொட்டினால் கசப்பு என்ற சமன்பாடே இல்லாமல் போகிறது. சுத்தக் கோகோவாக இருந்தால் இரண்டு மூன்று கரண்டியே போதும்.

தூவலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: பெட்டி மேல் 'சாக்லெட் கிரானுலாடோ' (சாக்லெட் துகள்), உள்பையில் 'சாக்லெட் சுவையூட்டிய கிரானுலாடோ', வாயில் மெழுகுவர்த்தி. சாக்லெட் என்று சொல்லக் குறைந்தது 25 விழுக்காடு கோகோ திடப்பொருள் வேண்டும் என்று பிரேசிலின் சுகாதாரக் கண்காணிப்பு அமைப்பான அன்விசா 2005-லேயே வகுத்தது. உங்கள் பையில் முதலிடம் சர்க்கரைக்கு, அடுத்தது தாவரக் கொழுப்புக்கு.

இனி செய்முறைத் தாள். நல்ல பொருளையும் கெடுக்கக்கூடியது அது.

"நடுத்தரத் தீக்கு மேல் வைத்து" என்கிறீர்கள். தீ கூடினால் அடி பிடிக்கும், வெண்ணெய் பிரிந்து எண்ணெயாக மிதக்கும். அடிகனமான பாத்திரம், குறைந்த தீ, ஓரத்தையும் அடியையும் விடாமல் கிண்டுவது, இவை மூன்றும் தாளில் இல்லை. தூளைக் கொதிக்கும் பாலில் தூவச் சொல்கிறீர்கள்; கட்டி தட்டும். அடுப்பை மூட்டும் முன்பே சலித்து, குளிர்ந்த பாலில் கரைக்க வேண்டும். வெண்ணெய்க்குப் பதில் "இரண்டு கரண்டி மார்ஜரின்" என்று எழுதிவிட்டு படத்தில் வெண்ணெய்க் கட்டியை வைத்திருக்கிறீர்கள். கொழுப்பு குறைந்த மார்ஜரினில் தண்ணீரே கணிசமாக இருக்கும். வற்றவைக்க வேண்டிய இடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றும் யோசனை அது.

"பாத்திரத்தை நன்றாக வழித்து எடுக்கவும்" என்ற வரியை முதலில் நீக்குங்கள். ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருப்பது ஏற்கெனவே படிகமாகத் தொடங்கிய சர்க்கரை. அதை வழித்து உள்ளே சேர்த்தால் முழுக் கலவையும் பூத்துப்போகும். ஒட்டியதைக் கரண்டியோடு பிள்ளைகளிடம் கொடுப்பதுதான் இங்கே வழக்கம். கலவை வெண்ணெய் தடவிய தட்டுக்குப் போக வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் தாள் அதன் மேற்பரப்பைத் தொட்டபடி மூட வேண்டும், இல்லையென்றால் ஏடு படியும். உருட்டித் தூவல் ஒட்டிய பின் "இரவு முழுதும் குளிர்பெட்டியில்" வைக்கச் சொல்கிறீர்கள். வெளியே எடுத்ததும் ஈரம் கோத்து, தூவலின் சர்க்கரை கரைந்து, சாயம் தாள்கிண்ணத்தில் இறங்குகிறது.

"50 உருண்டை" என்று போட்டு 50 தாள்கிண்ணமும் வைத்திருக்கிறீர்கள். 390 கிராமை 50 ஆக்கினால் ஒன்று 8 கிராம்கூட வராது. விருந்து அளவான 15 கிராமுக்கு 26 வரும். 20 கிராமுக்கு 19.

இன்னொன்று, பணத்தோடு தொடர்பில்லாதது. தாளின் பின்புறத்தில் எதுவார்து கோமெஸை "முன்னாள் அதிபர்" என்று எழுதியிருக்கிறீர்கள். இனிப்புக்குப் பெயர் தந்த அந்த விமானப்படைப் பிரிகடேரோ (பிரிகேடியர்) 1945 அதிபர் தேர்தலில் துத்ராவிடம் தோற்றார். 1950-இல் வர்காஸிடமும் தோற்றார். அதிபர் நாற்காலியில் அவர் அமர்ந்ததே இல்லை.

1990-ஆம் ஆண்டின் 8.078-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 31-இல் பொருளைப் பற்றிய தகவல் சரியாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பிரிவு 37 ஏமாற்றும் விளம்பரத்தைத் தடை செய்கிறது. சொன்னதைத் தராதபோது பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை பிரிவு 35-இல் இருக்கிறது. பெட்டிகள் கைக்கு வந்து 19 நாள்தான் ஆகிறது. குறையைத் தெரிவிக்கப் பிரிவு 26 தரும் 30 நாள் இன்னும் முடியவில்லை.

ஆகவே இரண்டு பெட்டிகளின் முழு விலையையும் அனுப்பும் செலவையும் 10 நாளுக்குள் திருப்பித் தருக. மாற்றுப் பெட்டி வேண்டாம். அதே பால்தான் வரும். விற்பனைப் பக்கத்தில் 'கெட்டிப்பால்', '50 விழுக்காடு கோகோ', 'சாக்லெட் கிரானுலாடோ', '50 உருண்டை' என்ற நான்கு வாசகங்களையும் திருத்தி, திருத்தியதை எழுத்தில் தெரிவிக்கவும். பதில் இல்லையெனில் இதே கடிதம் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான புரோகோனுக்குப் போகும்.

பொதிகளின் இருபக்கப் படங்கள், மூன்று சோதனைகளின் எடைப் படங்கள், விற்பனை ரசீது ஆகியவற்றை இணைத்துள்ளோம். தூளும் தூவலும் மிச்சம் இருக்கின்றன. ஆய்வுக்கு வேண்டுமானால் உங்கள் செலவில் ஆள் அனுப்பிப் பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்கள்
சாவோ பாவுலோ