மஞ்சள் சட்டைக்கு அளவு

சாட்ஸ்வர்த், டர்பன்
பிப்ரவரி 2026

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. தைப்பூசக் காவடி நல்லபடியாக முடிந்தது. உன் அண்ணன் இந்த ஆண்டும் காவடி எடுத்தான். வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் நடந்ததால் காலில் வந்த கொப்புளம் இப்போதுதான் ஆறுகிறது. மற்ற வீட்டுச் செய்திகளை உன் அண்ணி போனில் சொல்லியிருப்பாள். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, சென்ற ஞாயிற்றுக்கிழமை உன் மகன் என்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அர்ஜென்டினாவின் பத்தாம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு போன் திரையில் வந்து, "ஆயா, உங்கள் அணி எப்படியும் தோற்கத்தானே போகிறது, அதற்காக ஏன் கத்துகிறீர்கள்?" என்று அவன் கேட்டபோது, நீ பின்னால் நின்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதில் இருந்தது, ஆனால் போனில் சொல்லி முடிக்கக்கூடிய பதிலாக இல்லை. எழுத்துக் கூட்டியாவது இதைப் படித்து, அவனுக்குப் புரியும்படி நீயே சொல்லிவிடு.

அவன் சொன்னதில் உள்ள உண்மையை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நம் தென்னாப்பிரிக்கக் கால்பந்து அணியான பஃபானா பஃபானா இதற்கு முன் 1998, 2002, 2010 என்று மூன்று முறை உலகக் கோப்பையில் ஆடியது. மூன்று முறையும் முதல் சுற்றோடு திரும்பியது. 2010இல் நம் வீட்டிலேயே விருந்து வைத்துவிட்டு நாமே பந்தியிலிருந்து முதலில் எழுந்தோம். போட்டியை நடத்தும் நாடு முதல் சுற்றிலேயே வெளியேறியது அதற்கு முன் நடந்ததே இல்லை. போன மாதம் மொராக்கோவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில் கேமரூனிடம் 2-1 என்று தோற்றதையும் அவன் பார்த்திருப்பான். எனக்கு எதையும் மறைக்கும் எண்ணம் இல்லை.

ஆனால் இன்னொருவருக்காகக் கத்துவது எப்படி என்பதை அவன் ஆயாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் சிறுவயது முழுவதும் நாங்கள் அதைத்தான் செய்தோம். என் அப்பா, அதாவது உன் தாத்தா, கார்ப்பரேஷன் வேலையில் இருந்தார்; நாங்கள் கார்ப்பரேஷன் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் இருந்தோம். அங்கிருந்து கிங்ஸ் பார்க் மைதானம் நடந்து போகும் தூரந்தான். அங்கே வெள்ளையர்களின் தென்னாப்பிரிக்க அணி ரக்பி ஆடும்போது, நம் மக்களுக்கென்று ஒதுக்கிய மூலையில் நின்றுகொண்டு தாத்தாவும் அவருடைய கூட்டாளிகளும் எதிரே ஆட வந்தவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்துவார்கள். நியூசிலாந்தோ பிரிட்டனோ, யார் வந்தாலும் சரி, எங்கள் நாடு தோற்க வேண்டும் என்பதே எங்கள் நாட்டில் எங்கள் வேண்டுதலாக இருந்தது. அது தவறு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. அந்த அணி எங்களுடையது அல்ல என்று அதை நடத்தியவர்களே எழுதி வைத்திருந்தார்கள்.

கால்பந்திலும் அதே கதைதான், அதில் கேலிக்கூத்து கொஞ்சம் கூடுதல். நிறபேதத்தின் பேரில் ஃபிஃபா 1961இல் இந்த நாட்டின் வெள்ளையர் சங்கத்தை இடைநீக்கம் செய்து, 1963இல் அந்தத் தடையை நீக்கியது. உடனே அந்தச் சங்கத்தார் ஒரு யோசனை சொன்னார்கள்: 1966 உலகக் கோப்பைக்கு வெள்ளையர் அணி, 1970 உலகக் கோப்பைக்குக் கறுப்பர் அணி! தாத்தா இதைச் சொல்லும்போதெல்லாம், "அப்படியானால் நாம் எந்த ஆண்டு போயிருப்போம், 1968லா?" என்று கேட்டுவிட்டு மீசைக்குள் சிரிப்பார். 1964இல் டோக்கியோவில் கூடிய ஃபிஃபா மாநாடு தடையை மீண்டும் போட்டது. சோவெட்டோ மாணவர் எழுச்சிக்குப் பின் 1976இல் நாட்டையே நீக்கினார்கள். 1992 வரை நமக்கென்று ஒரு தேசிய அணி உலகத்தின் முன் ஆடவே இல்லை.

அதற்காக நாம் பந்தைத் தொடாமல் இருந்துவிடவில்லை. 1860இல் ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள், 1903ஆம் ஆண்டிலேயே தென்னாப்பிரிக்க இந்தியர் கால்பந்துச் சங்கம் நடத்தி, சாம் சைனா கோப்பைக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் எல்லாக் கூட்டமும் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில்தான். வெள்ளிக்கிழமை இரவு என் அம்மா தாத்தாவின் பூட்சுக்கு விளக்கெண்ணெய் தடவுவாள். அடியில் ஆணி வைத்து அடித்த தோல் குமிழ்கள் தேய்ந்து, ஆணியின் முனை உள்ளே வந்திருக்கிறதா என்று விரலைவிட்டுத் தடவிப் பார்ப்பாள். ஒருமுறை விரல் கிழிந்து, அந்தக் கையோடுதான் இட்லிக்கு மாவு கரைத்தாள். மழை பெய்தால் தோல் பந்து தண்ணீர் குடித்துக் கல்லாகிவிடும். அதைத் தலையால் முட்டிவிட்டு வந்த அன்று தாத்தா சாப்பிடாமல் படுத்துவிடுவார். 1960களில் பேரக்ஸை காலி செய்து எங்களைச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பிய பிறகும், இரண்டு பஸ் மாறி அங்கே போனார். ஒரு பக்கம் இந்தியர், ஒரு பக்கம் கறுப்பர், ஒரு பக்கம் கலப்பினத்தவர் என்று பிரித்து வைத்திருந்த நாட்டில், நிறம் பாராத லீக் ஆட்டங்களுக்கு எல்லோரும் ஒரே படிக்கட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்த இடங்களில் அதுவும் ஒன்று.

இனி 1992 ஜூலை 7. உனக்கு அப்போது ஆறு வயது. காய்ச்சல் என்று உன்னைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டுப் போனோம். தடை நீங்கிய பின் தேசிய அணியின் முதல் ஆட்டம் கேமரூனுக்கு எதிராக, நம் டர்பனில், அதே கிங்ஸ் பார்க்கில்! தாத்தா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே நுழைந்ததும் அவருடைய கால் தானாக அந்தப் பழைய மூலைக்கே நடந்தது. நான் கையைப் பிடித்து இழுத்து, "அப்பா, இன்றைக்கு எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்" என்றேன். நின்றார். நான்கு பக்கமும் பார்த்தார். பிறகு ஓரிடத்தில் உட்கார்ந்தார், எழுந்தார், வேறிடத்துக்குப் போனார், அதுவும் பிடிக்காமல் நடுக்கோட்டுக்கு நேரே போய் உட்கார்ந்தார். கடைக்குப் போன குழந்தை மிட்டாய் பொறுக்குவதைப் போல அவர் இடம் பொறுக்கினார். ஆட்டம் முடியும் தறுவாயில் பெனால்ட்டி கிடைத்து, நம் ஆட்டக்காரர் டாக்டர் குமாலோ அதை அடித்து உள்ளே தள்ளியபோது, சுற்றிலும் எல்லோரும் "லடூமா!" என்று இடி இடித்தாற்போலக் கத்தினார்கள். தாத்தா வாயைத் திறந்தார். அறுபது வயதுக்கு மேல் ஆகியும் தன் நாட்டுக்காக என்ன சொல்லிக் கத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் "முருகா!" என்று கத்தினார். பக்கத்திலிருந்த ஜூலுக்காரர் அவரைத் தூக்கிச் சுற்றி இறக்கினார்.

உன் மகனுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். அவன் சட்டையைக் கடையில் தேர்ந்தெடுத்தான். எனக்கு என் சட்டை முப்பத்தேழு வயதில்தான் கிடைத்தது. அவ்வளவு தாமதமாகக் கிடைத்ததை, ஜெயிக்கிறதா தோற்கிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

2010ஐ நீயும் மறந்திருக்கமாட்டாய். ஜூன் 11, தொடக்க ஆட்டம், மெக்சிகோ. 55ஆம் நிமிடத்தில் நம் ட்சபலாலா இடது காலால் அடித்த பந்து வலையின் மேல்மூலையில் போய் விழுந்தபோது, நீ கையில் வைத்திருந்த தேநீர் முழுவதையும் உன் அப்பாவின் மடியில் கொட்டினாய். அந்த மனிதர் அதை உணரவே ஐந்து நிமிடம் ஆனது. பிறகு 79ஆம் நிமிடத்தில் மெக்சிகோவின் மார்க்கேஸ் கோல் போட்டுச் சமனாக்கினார். கடைசி நிமிடத்தில் நம் ம்பேலா அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்தக் கம்பம் நான்கு விரற்கடை தள்ளி நட்டிருந்தால் என்று நான் இன்றைக்கும் நினைப்பதுண்டு.

இப்போது பதினாறு ஆண்டு கழித்து, அதே ஜூன் 11ஆம் தேதி, அதே தொடக்க ஆட்டம், அதே மெக்சிகோ; இம்முறை அவர்களுடைய வீட்டில், அஸ்டெக்கா மைதானத்தில். அன்று மெக்சிகோவின் பயிற்சியாளராக இருந்த ஹவியேர் அகிரேதான் இன்றும் பயிற்சியாளர். இன்னொன்றும் சொல்கிறேன். 1986 உலகக் கோப்பையில் அதே அஸ்டெக்காவில் மெக்சிகோ பெல்ஜியத்தை 2-1 என்று வென்றது. அகிரே அந்த மெக்சிகோ அணியில் இருந்தவர். நம் பயிற்சியாளர் ஹியூகோ ப்ரூஸ் அந்த பெல்ஜியம் அணியில் இருந்தவர். 74 வயதில் அந்த மனிதர் பழைய கணக்கைத் தீர்க்கப் போகிறார் என்று நான் வைத்துக்கொள்கிறேன். அவர் அப்படி நினைக்காவிட்டாலும் போகட்டும், பார்ப்பவர்களுக்கு ஒரு கதை வேண்டாமா?

இந்த அணி தகுதி பெற்ற விதத்தை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. போன மார்ச்சில் லெசோதோவை 2-0 என்று வென்றோம். இரண்டு மஞ்சள் அட்டை வாங்கி ஓர் ஆட்டம் உட்கார வேண்டிய மொகோயெனாவை அன்று இறக்கிவிட்டார்கள். ஃபிஃபா அந்த வெற்றியைப் பறித்து 3-0 தோல்வி என்று எழுதிவிட்டது. தையல் ஆலையில் இருபது ஆண்டு வருகைப் பதிவேடு எழுதியவள் நான். நானூறு பெண்களில் யார் எத்தனை நாள் விடுப்பு என்று கேட்டால் ஏட்டைத் திறக்காமலே சொல்வேன். ஒரு நாட்டின் அணியில் மஞ்சள் அட்டை எண்ண ஓர் ஆள் கிடைக்கவில்லையா? இது முதல் முறையும் அல்ல. 2011 அக்டோபரில் ம்போம்பேலாவில் சியரா லியோனோடு கோல் இல்லாமல் சமன் செய்துவிட்டு, ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டதாக நினைத்து மைதானத்திலேயே ஆடிப் பாடினார்கள். விதியைச் சரியாகப் படித்திருந்தால் நைஜர்தான் போகிறது என்று தெரிந்திருக்கும். ஊரே சிரித்தது. அதே ம்போம்பேலா மைதானத்தில்தான் போன அக்டோபர் 14ஆம் தேதி ருவாண்டாவை 3-0 என்று வென்றோம். அதே நேரத்தில் நைஜீரியா பெனினை 4-0 என்று வீழ்த்தியதால், பறிபோன புள்ளிகளையும் தாண்டி 18 புள்ளியோடு நாம் முதலிடம். ஆட்டம் முடிந்ததும் நான் உடனே துள்ளிக் குதிக்கவில்லை. புள்ளிகளைக் காகிதத்தில் ஒருமுறை கூட்டிப் பார்த்த பிறகுதான் உன் அண்ணனை எழுப்பி விளக்கேற்றச் சொன்னேன்.

வாய்ப்பு எப்படி என்று கேட்டால், நான் நம்பிக்கையை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன். ஒன்று, கோல்காப்பாளர் ரோன்வென் வில்லியம்ஸ். 2024இல் ஆப்பிரிக்கக் கோப்பைக் காலிறுதியில் கேப் வெர்டேவுக்கு எதிராக நான்கு பெனால்ட்டிகளைத் தடுத்தவர். நான்கு! அந்த முறை மூன்றாம் இடம் வந்தோம். இன்னொன்று, மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்தக் காற்றில் ஐரோப்பாக்காரருக்கு மூச்சு வாங்கும். நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் சன்டவுன்ஸ், பைரேட்ஸ் அணிகளைச் சேர்ந்தவர்கள். பிரிட்டோரியா, ஜோஹானஸ்பர்க் மேட்டு நிலத்தில் வாரந்தோறும் ஓடிப் பழகியவர்கள். ஆண்டுக்கணக்கில் ஒன்றாக ஆடுகிறவர்கள் என்பதால், கண்ணை மூடிக்கொண்டு பந்தைத் தள்ளினாலும் அங்கே ஓர் ஆள் இருப்பான். குறை என்னவென்றால் கோலுக்கு முன்னால் போய் யோசிப்பது. கேமரூனுக்கு எதிராக முதல் அரை மணி நேரத்திலேயே ஆட்டத்தை முடித்திருக்கலாம். வாசல்வரை போய்விட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே நின்றார்கள். இந்த முறை 48 அணிகள் என்பதால், மூன்றாம் இடம் வரும் அணிகளிலும் எட்டு அடுத்த சுற்றுக்குப் போகும். மெக்சிகோவோடு ஒரு சமன், மற்ற இரண்டில் ஒரு வெற்றி: இதற்குமேல் நான் ஆசைப்படவில்லை.

அர்ஜென்டினாச் சட்டையைக் கழற்றச் சொல்லி அவனை நீ வற்புறுத்தாதே. உன் அண்ணன் லிவர்பூலுக்காக அழுகிறவன். அவனை நான் என்ன செய்தேன்? ஆனால் நம் சாட்ஸ்வர்த் மைதானத்தில் ஆடிய மேனிங் ரேஞ்சர்ஸ், 1996-97இல் தென்னாப்பிரிக்கப் பிரீமியர் லீக்கின் முதல் பட்டத்தையே வென்ற அணி. சில ஆண்டுகளில் படிக்கட்டுகள் காலியாகி, உரிமம் கைமாறி, பெயரும் இல்லாமல் போனது. எல்லோரும் சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து இங்கிலாந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் அண்ணனிடம் இதைச் சொன்னால், "நீ மட்டும் போனாயா அம்மா?" என்று கேட்கிறான். கடைசி இரண்டு ஆண்டு நானும் போகவில்லை என்பதுதான் உண்மை.

தொடக்க ஆட்டம் வியாழக்கிழமை இரவு நமக்கு 9 மணி, டொரான்டோவில் பிற்பகல் 3 மணி. அவன் பள்ளியில் அரை நாள் விடுப்பு கேட்டு வை. காரணம் எழுதுமிடத்தில் குடும்ப நிகழ்ச்சி என்று எழுதலாம், பொய்யில்லை. இரண்டாவது ஆட்டம் 18ஆம் தேதி அட்லாண்டாவில். டென்மார்க், செக், அயர்லாந்து, வடக்கு மாசிடோனியா ஆகிய நான்கில் யார் வருவார்கள் என்பது மார்ச் கடைசியில் தெரியும். தென்கொரியாவோடு மான்டெரியில் ஆடுவது நமக்கு 25ஆம் தேதி விடியற்காலை, நான் எழுந்துவிடுவேன். அவனுக்குப் பஃபானாவின் மஞ்சள் சட்டை ஒன்று வாங்கி, எலுமிச்சை ஊறுகாயோடு சேர்த்து அனுப்பலாம் என்றிருக்கிறேன். விருப்பமிருந்தால் போடட்டும், இல்லையென்றால் மடித்து வைக்கட்டும். பதினொரு வயதுக்கு இந்த அளவு என்று கடைக்காரர் சொல்வதை நான் நம்புவதில்லை. தோளிலிருந்து இடுப்புவரை ஒன்று, அக்குளுக்குக் கீழே மார்புச் சுற்று ஒன்று, நாடாவை இறுக்காமல் அளந்து அடுத்த வாரத்துக்குள் எழுது.

அன்புடன்,
அம்மா