ஹைப்ரிட் காரில் எந்த வேரியன்ட்? விளம்பரத்தின் பொடி எழுத்து பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக் காலம் நெருங்கினால் நாளிதழ்களின் உட்பக்கங்களில் கார் விளம்பரங்கள் நிறைவது வழக்கம். அவற்றில், பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த காரைக் குறிக்கும் 'ஹைப்ரிட்' என்ற சொல் பெரிய எழுத்திலும், தொடக்க விலை அதைவிடப் பெரிய எழுத்திலும், அந்த விலைக்குக் கிடைப்பது எந்த வேரியன்ட் (அதே காரின் எந்த வகை) என்பது ஓரத்தில் பொடி எழுத்திலும் அச்சாகின்றன. தண்டையார்பேட்டையில் வசித்துக்கொண்டு மணலிக்கு வேலைக்குச் சென்றுவரும் நான், சிறிய ஹைப்ரிட் கார் ஒன்று வாங்குவதற்காகக் கடந்த நான்கு மாதங்களாக ஷோரூம்கள் ஏறி இறங்கியதில், வாங்குபவருக்கு வேண்டிய விவரமெல்லாம் அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

2022-இல் விற்பனைக்கு வந்த மாருதி சுசூகி கிராண்ட் விட்டாராவையும் அதன் இரட்டைப் பிறவியான டொயோட்டா ஹைரைடரையும் எடுத்துக்கொள்வோம். இவற்றில் ஒரே பெயரின் கீழ் இரு வேறு வண்டிகள் விற்கப்படுகின்றன. ஒன்று, 1462 சி.சி. எஞ்சினுடன் சிறு மோட்டார் சேர்ந்த 'மைல்ட் ஹைப்ரிட்'. அந்த மோட்டார் எஞ்சினுக்குத் தோள் கொடுக்குமே தவிர, தனியாகக் காரை ஓரடி கூட நகர்த்தாது. மற்றொன்று, 1490 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினும் காரைத் தானே இழுக்கவல்ல மின் மோட்டாரும் கொண்ட 'ஸ்ட்ராங் ஹைப்ரிட்'. விளம்பரத்தில் வரும் 27.97 கிலோமீட்டர் மைலேஜ் இந்த இரண்டாவது வண்டிக்கு உரியது; விளம்பரத்தில் வரும் தொடக்க விலையோ முதல் வண்டிக்கு உரியது. கிராண்ட் விட்டாராவில் ஸீட்டா என்ற வேரியன்ட் மைல்ட் ஹைப்ரிட், ஸீட்டா பிளஸ் என்றால் ஸ்ட்ராங் ஹைப்ரிட். ஒரு கூட்டல் குறியில் எஞ்சினே மாறிவிடுகிறது என்பதை எனக்கு விற்பனையாளர் சொல்லவில்லை; விலைப்பட்டியலை வீட்டுக்குக் கொண்டுவந்து நானே கண்டுபிடித்தேன்.

எங்கள் பகுதிக்கு இந்த வேறுபாடு வெறும் தொழில்நுட்பச் செய்தி அன்று. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகளின் பின்னால் ஊர்ந்து செல்லும் வேளையிலும், டி.எச். ரோடு எனப்படும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மாலை நேர நெரிசலில் நிற்கும் வேளையிலும், ஸ்ட்ராங் ஹைப்ரிட் வண்டியின் எஞ்சின் பெரும்பாலும் அணைந்தே இருக்கிறது, ஏ.சி. மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரேக் பிடிக்கும்போதும் எஞ்சின் ஓடும்போதும் பேட்டரி தானாகவே மின்னேற்றம் பெறுவதால், சார்ஜர் தேடி அலைய வேண்டியதில்லை. சாலை வரி விலக்குள்ள மின்சாரக் காரையே வாங்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு தெருவோரம் வண்டி நிறுத்துகிறவன் வயரை எங்கிருந்து இறக்குவது?

ஆகவே வேரியன்ட் தேர்வில் முதல் கேள்வி, எந்த ஹைப்ரிட் என்பதே. 2022 செப்டம்பரில் கிராண்ட் விட்டாரா அறிமுகமானபோது, மைல்ட் ஹைப்ரிட்டில் எல்லா வசதிகளும் கொண்ட ஆல்ஃபா ஆட்டோமேட்டிக்கின் ஷோரூம் விலை 16.89 லட்சம் ரூபாய். வசதிகள் சற்றுக் குறைந்த, ஆனால் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டான ஸீட்டா பிளஸ்ஸின் விலை 17.99 லட்சம். இந்த 1.10 லட்சம் வேறுபாடு பெட்ரோலில் திரும்பி வரக்கூடியது. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டி, நிறுவனம் சொல்லும் மைலேஜையே இரண்டுக்கும் எடுத்துக்கொண்டு, லிட்டர் நூறு ரூபாய் என்று கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 15,400 ரூபாய் மிச்சமாகும். ஏழு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஓட்டினால் அந்தத் தொகை கைக்கு வந்துவிடும். நின்று நின்று செல்லும் எங்கள் சாலைகளில் அதற்கு முன்பேகூட வரலாம். ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் இருப்பதால் இந்தக் கணக்கு பாதியில் கவிழாது. ஆனால் அன்றைய விலையில் ஸீட்டா பிளஸ்ஸிலிருந்து ஸ்ட்ராங் ஹைப்ரிட்டின் டாப் வேரியன்ட்டான ஆல்ஃபா பிளஸ்ஸுக்கு ஏறக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்த 1.50 லட்சம், ஒரு சொட்டுப் பெட்ரோலையும் மிச்சப்படுத்தாது. அது முழுக்க முழுக்க வசதிக்கான விலை.

அந்த வசதிகளில் எது நமக்கு வேண்டும் என்பதில்தான் ஷோரூமும் நானும் ஒத்துப்போகவில்லை. அங்கே முதலில் காட்டப்படுவது பனோரமிக் சன்ரூஃப் எனப்படும், திறந்து மூடும் அகலக் கண்ணாடிக் கூரை. லாரிப் புழுதியும் உப்புக் காற்றும் இரண்டறக் கலந்த ஊரில் அதைத் திறப்பது எப்போது? அதன் ஓரங்களில் மழைநீர் வடிவதற்கான சிறு குழாய்கள் உண்டு. அவை தூசியால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வண்டிக்குள் இறங்கும். மாறாக, ஆடம்பரம் என்று நான் முதலில் ஒதுக்கிய, வண்டியின் நாலாபக்கமும் காட்டும் 360 டிகிரி கேமராவைப் பற்றி என் எண்ணம் மாறிவிட்டது. ஒரு பக்கம் மீன்பாடி வண்டியும் மறுபக்கம் தண்ணீர்க் குடங்களும் நிற்கும் எங்கள் தெருவில் 4.3 மீட்டர் நீள வண்டியைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும். அடியில் காற்று வீசும் இருக்கைகளும் அப்படியே. சித்திரை வெயிலில் என் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் அரை மணி நேரத்துக்கு அவை பயன்படும். நான் பார்த்த வண்டியில் கேமராவும் குளிர் இருக்கையும் கண்ணாடிக் கூரையோடு சேர்ந்தே டாப் வேரியன்ட்டில் வருகின்றன. வேண்டியதை வாங்க வேண்டாததையும் சுமக்க வேண்டும்.

கேமராவை, கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் பாதி விலைக்குப் பொருத்திக்கொள்ளலாம் என்பவர்கள் உண்டு. உயர் அழுத்த மின்சாரம் பாயும் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உள்ள வண்டியில் வெளியாள் வயரை வெட்டி ஒட்டுவதையும், அதனால் உத்தரவாதத்துக்குச் சிக்கல் வருவதையும் நான் விரும்பவில்லை.

பாதுகாப்புக்காக டாப் வேரியன்ட் என்ற பழைய வாதமும் இப்போது வலுவிழந்துவிட்டது. முன்பு கீழ்நிலை வேரியன்ட்களுக்கு இரண்டு ஏர்பேக் மட்டுமே இருந்தன. 2025 முதல் மேற்சொன்ன இரு வண்டிகளிலும் எல்லா வேரியன்ட்டுக்கும் ஆறு ஏர்பேக் உண்டு. டிக்கியைப் பொறுத்தவரை ஸ்ட்ராங் ஹைப்ரிட்டின் எந்த வேரியன்ட்டுக்கும் விலக்கில்லை: பேட்டரி பின்புறம் இருப்பதால், மைல்ட் ஹைப்ரிட்டில் 373 லிட்டராக உள்ள இடம் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் 265 லிட்டராகச் சுருங்குகிறது. என் தாயாரின் சக்கர நாற்காலியை ஷோரூமுக்கே எடுத்துச்சென்று மடித்து வைத்துப் பார்த்தேன். பணியாளர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நாற்காலி சாய்வாக வைத்தால் அடங்கியது.

வரி விஷயத்தில் வாசகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள கார்களுக்கு ஆயுட்கால வரி 18 விழுக்காடு. 20 லட்சத்தைத் தாண்டினால் 20 விழுக்காடு. தாண்டிய தொகைக்கு மட்டுமன்றி முழு விலைக்கும் இது கணக்கிடப்படும். 19.90 லட்சம் ரூபாய் வண்டிக்கு வரி 3.58 லட்சம், 20.10 லட்சம் ரூபாய் வண்டிக்கு 4.02 லட்சம். டாப் வேரியன்ட்டின் விலை இந்த எல்லையை ஒட்டி நிற்கும்போது, கூரைக்கு மட்டும் கறுப்பு அடிக்கும் இரட்டை வண்ணத்துக்காகச் சில ஆயிரங்கள் கூடக் கொடுப்பவர், அதற்கு மேல் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட வரியையும் கட்ட நேரிடலாம். 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய ஹைப்ரிட் கார்களுக்கான ஜி.எஸ்.டி. (செஸ் உட்பட) 43-இலிருந்து 40 விழுக்காடாகக் குறைந்ததை விளம்பரங்கள் கொண்டாடின. மாநில வரியின் இந்த 20 லட்ச எல்லைக்கோட்டை ஒன்றுகூடக் குறிப்பிடவில்லை.

மழைக்காலத்துக்கு எந்த வேரியன்ட்டிலும் தனி வசதி இல்லை. சுரங்கப்பாதையில் தேங்கும் நீரில் இறங்கி எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால், சாதாரணக் காப்பீடு அந்தச் செலவை ஏற்காது. 'எஞ்சின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பிரிவு தேவை. சன்ரூஃப் பற்றி இருபது நிமிடம் விளக்கிய விற்பனையாளர், இதை நான் கேட்ட பிறகே சொன்னார்.

தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் புதிய கார்களைப் பற்றி எழுதும்போது, தொடக்க விலையோடு நிறுத்தாமல், எந்த வேரியன்ட்டில் எந்த எஞ்சின், வரியும் காப்பீடும் சேர்த்துச் சென்னையில் அதன் ஆன்ரோடு விலை எவ்வளவு, அதற்கு அடுத்த வேரியன்ட்டில் கூடுதலாகக் கிடைப்பது என்ன என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கார் நிறுவனங்களும் கேமராவைக் கண்ணாடிக் கூரையிலிருந்து பிரித்து விற்றால் நல்லது.

எல்லாம் கணக்குப் பார்த்து, கேமராவுக்காகவும் இருக்கைக்காகவும் டாப் வேரியன்ட்டையே ஒற்றை வண்ணத்தில் முன்பதிவு செய்திருக்கிறேன். வண்டி வந்த அன்றே கூரையின் உள்திரையை இழுத்து மூடிவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81