அப்பத்தாவின் ரேகையில் ஒரு கோளாறும் இல்லை

அரசு, வங்கி, வரி, டெண்டர் என்று பொதுமக்கள் அன்றாடம் திறக்கும் இணையதளங்களைக் கட்டிக் காக்கும் மென்பொருள் குழுவினருக்கு,

வணக்கம். மதுரை மாவட்டம் உசிலம்பட்டி பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா சிட்டா, ரேகை வைத்துப் பணம் எடுப்பது, ஜிஎஸ்டி கணக்கு ஏற்றுவது எல்லாம் ஒரே மேசையில்தான். உங்களில் யாருடைய பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தளத்தோடு நின்றுபோகிற குறையாக இருந்தால் அந்தத் தளத்துக்கே புகார் போட்டு முடித்திருப்பேன்.

2025 அக்டோபர் கடைசியில் குரோம் பிரவுசரின் 142-ஆம் வெர்ஷன் வந்தது. அது தானாகவே ஏறிக்கொள்ளும், நாங்கள் கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அதற்குப் பிறகு ரேகை மிஷின் இருக்கும் கடைகளில் ஆரம்பித்தது தலைவலி. மிஷினில் விளக்கு எரிகிறது, டிரைவர் சரியாக இருக்கிறது, ஆனால் உங்கள் பக்கம் மட்டும் 'டிவைஸ் இணைக்கப்படவில்லை' என்று அடம்பிடிக்கிறது.

நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் சொல்கிறேன், இந்த மடலைக் கடைக்காரர்களும் படிப்பார்கள். வலைப்பக்கம் யூஎஸ்பி ரேகை மிஷினை நேராகத் தொடுவதில்லை. இடையில் ஆர்டி சர்வீஸ் என்ற மென்பொருள் கணினிக்குள் சத்தமில்லாமல் ஓடுகிறது. கணினிக்குள் மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் எண்ணிட்ட வாசல்களுக்குப் போர்ட் என்று பெயர். 11100 முதல் 11120 வரையுள்ள போர்ட்டுகளில் ஏதோ ஒன்றில் அது காத்திருக்கும். உங்கள் பக்கம் 127.0.0.1 என்ற முகவரிக்கு, அதாவது தான் திறந்திருக்கும் அதே கணினிக்கு, அழைப்பு விட்டு ஒவ்வொரு போர்ட்டாகத் தேடும். டோக்கன் சொருகி டிஜிட்டல் கையெழுத்துப் போடும் மென்பொருள்கள் பலவும் இந்த வழியில்தான் பேசுகின்றன. வெளியூரிலிருந்து வந்த ஆள் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறக் கதவைத் தட்டுகிற மாதிரிதான் இது. இத்தனை வருடமாகக் குரோம் அதைக் கண்டும் காணாமல் விட்டது. 142-இல் இருந்து வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் திறக்கிறது: உள்ளூர் நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகளைத் தேடி இணைத்துக்கொள்ள இந்தத் தளத்தை அனுமதிக்கலாமா?

அந்தச் சின்னப் பெட்டி முகவரிப் பட்டைக்குக் கீழே இடது ஓரத்தில் எட்டிப் பார்க்கும். கடையில் வேலை பார்க்கும் எந்தப் பையனும் அதைப் படிக்க மாட்டான். நோட்டிஃபிகேஷன் அனுப்பவா, இருப்பிடம் தெரியலாமா என்று கண்ட தளமெல்லாம் கேட்டுக் கேட்டு, எந்தப் பெட்டி வந்தாலும் 'பிளாக்' அழுத்துவதுதான் நல்ல பழக்கம் என்று எல்லாரும் பழகியாயிற்று. ஒருதரம் பிளாக் அழுத்தினால் அந்தத் தளத்துக்கு அதையே குரோம் நினைவில் வைத்துக்கொள்ளும், மறுபடி கேட்காது. அப்புறம் கேபிளை மாற்று, ஆர்டி சர்வீஸை அழித்துத் திரும்பப் போடு, ஆன்டிவைரஸை நிறுத்து, கடைசியில் விண்டோஸையே ஃபார்மட் அடி. இதெல்லாம் நடந்தது. ஃபார்மட் அடித்தால் சரியாகவும் செய்யும், ஏனென்றால் அந்த 'பிளாக்' நினைவும் சேர்ந்து அழிந்துவிடுகிறதே!

மகளிர் உரிமைத் தொகை ஏறியதும் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் கடைக்கு வருவார்கள். அப்படி வந்த ஒரு அப்பத்தா விரலை வைத்து எடுத்து வைத்து எடுத்துப் பார்த்தார். சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். "ஏய்யா, களை எடுத்து எடுத்து எங் கையில ரேகையே தேஞ்சு போச்சாய்யா? பணம் வராதா?" என்றார். "உங்க கைக்கு ஒண்ணும் இல்ல அப்பத்தா, இந்தப் பொட்டிதான் வம்பு பண்ணுது" என்றேன். அவர் நம்பவில்லை. திரையில் சிவப்பு எழுத்தில் வந்ததை வாசித்துக் காட்டச் சொன்னார். 'கைரேகை பெற இயலவில்லை, மீண்டும் முயலவும்.' அதைக் கேட்டால் யாராக இருந்தாலும் தன் விரலைத்தானே சந்தேகப்படுவார்கள்? பூட்டு போட்டது பிரவுசர், அதைச் சொல்லாமல் விட்டது நீங்கள், சந்தேகம் மட்டும் விழுந்தது அப்பத்தாவின் கையில்.

உங்கள் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் பதில் தயாராக இருக்கிறது: "பழைய வெர்ஷன் போட்டுக்குங்க சார், அப்டேட்ட நிறுத்தி வைங்க." பணம் புழங்கும் கணினியில் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்காமல் வைத்துக்கொள் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? தீர்வு அரை நிமிட வேலை. முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்னத்தை அழுத்தி, அந்தத் தளத்தின் அமைப்புகளுக்குள் போய், அந்தப் பெட்டி கேட்ட அனுமதியை 'அலோ' ஆக்கிப் பக்கத்தை மறுபடி திறந்தால் போதும். இதை உங்கள் லாகின் பக்கத்தில் தமிழில் ஒரு படத்தோடு போட்டிருந்தால் உசிலம்பட்டியிலும் மேலூரிலும் திருமங்கலத்திலும் எத்தனையோ பேர் வெறுங்கையோடு பஸ் ஏறியிருக்க மாட்டார்கள்.

பிரவுசர்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தக் கதவைப் பூட்டக் காரணம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனச் செயலிகள் இதே 127.0.0.1 வழியாக, பிரவுசரில் ஆட்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற தடத்தை வாங்கிக்கொண்டிருந்ததை 2025 ஜூனில் ஆய்வாளர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். வீட்டு ரவுட்டரைத் தாக்கவும் இதே வழி உதவும். பூட்டு வந்தது நல்லதுதான்.

அது திடீரென்றும் வரவில்லை. 138-ஆம் வெர்ஷனிலேயே, அதே 2025 ஜூனில், இதைச் சோதித்துப் பாருங்கள் என்று பொதுவில் அறிவித்தார்கள். நான்கு மாத அவகாசம். அது போக, ஒவ்வொரு வெர்ஷனும் பொதுமக்களுக்கு வருவதற்கு சில வாரம் முன்பே பீட்டாவாக, அதாவது சோதனைப் பதிப்பாக, வெளிவருகிறது. ரேகை மிஷின் சொருகிய ஒரு கணினியில் பீட்டாவைப் போட்டு உங்கள் பக்கத்தை ஒருதரம் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்கு ஆள் இல்லை என்று சொல்வீர்களானால், எங்கள் கவுன்ட்டரில் நிற்கும் கூட்டம்தான் உங்கள் சோதனைக்கூடம் என்று அர்த்தம்.

எங்களால் சரிசெய்யவே முடியாத இடமும் இருக்கிறது. சில தளங்களில் ரேகை எடுக்கும் பகுதி வேறொரு நிறுவனத்தின் பக்கமாக ஐஃபிரேமுக்குள், அதாவது பக்கத்துக்குள் பதித்த ஒரு சட்டத்துக்குள், உட்கார்ந்திருக்கும். வெளிப்பக்கம் தன் நிரலில் அந்த ஐஃபிரேமுக்கு அனுமதியைக் கைமாற்றித் தராவிட்டால், நான் இங்கே தலைகீழாக நின்றாலும் வேலை நடக்காது. தளம் இன்னும் ஹெச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாமல் ஓடினால் அனுமதி கேட்கும் தகுதியே அதற்குக் கிடையாது. இரண்டுமே உங்கள் கையில் இருப்பவை. அனுமதி கிடைத்திருக்கிறதா, மறுக்கப்பட்டிருக்கிறதா என்று பக்கமே பிரவுசரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் நிரலில் வழி இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, 'பிரவுசர் தடுத்திருக்கிறது', 'ஆர்டி சர்வீஸ் ஓடவில்லை', 'மிஷின் சொருகப்படவில்லை' என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். மூன்றுக்கும் ஒரே சிவப்பு வரி என்பது அநியாயம்.

பழைய கதையும் இப்படித்தான். 2015 செப்டம்பரில் குரோம் 45, பிரவுசருக்குள் வேறு மென்பொருளைச் சொருகும் பழைய பிளக்இன் முறையை அடியோடு எடுத்தபோது, டெண்டர் தளங்கள் டிஜிட்டல் கையெழுத்துக்கு நம்பியிருந்த ஜாவா ஆப்லெட்டும் கூடவே போனது. டெண்டர் போடும் கான்ட்ராக்டர்கள் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் பழைய பிரவுசர் போட்ட ஒரு கணினியை இதற்கென்றே தனியாக வைத்திருந்தார்கள். 2022 ஜூன் 15-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் விடைபெற்றது. அன்றைக்குப் பிறகும் 'எக்ஸ்ப்ளோரரில் மட்டும் திறக்கவும்' என்ற அறிவிப்பைச் சில தளங்களில் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் 7-க்கு குரோம் 109-தான் கடைசி என்பதும் 2023-இலேயே முடிந்த சங்கதி.

எங்கள் பக்கத்துக் கோளாறு எதுவும் இல்லை என்று சாதிக்க வரவில்லை. சான்றிதழ் பிடிஎஃப் திறக்கவில்லை என்று வருகிறவர்களில் சிலருக்குக் காரணம் கடைக் கணினியில் யாரோ போட்டுவிட்ட டவுன்லோட் மேனேஜர், பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு எக்ஸ்டென்ஷன். அது இடையில் புகுந்து, லாகின் விவரம் இல்லாமல் தானே ஃபைலைக் கேட்கும். சான்றிதழுக்குப் பதில் லாகின் பக்கம்தான் பிடிஎஃப் என்ற பெயரில் இறங்கும். இன்காக்னிட்டோ என்ற தனிச் சாளரத்தில் லாகின் செய்து திறந்தால் எக்ஸ்டென்ஷன்கள் பொதுவாக ஓடாது, சான்றிதழ் ஒழுங்காக இறங்கும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம். இதற்கெல்லாம் உங்களைக் கூப்பிடுவதில்லை.

என் கடையில் ஒரு கணினியில் இப்போது குரோம் பீட்டா ஓடுகிறது. அடுத்த வெர்ஷனில் உங்கள் பக்கம் எங்கே மக்கர் பண்ணும் என்று உங்களுக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். டிக்கெட் நம்பர் மட்டும் அனுப்பிவிட்டு மறந்துபோகிற பெட்டிக்கு எழுத எனக்கு இஷ்டமில்லை. நிரல் எழுதும் ஆள் படிக்கிற ஒரு மின்னஞ்சல் முகவரியை உங்கள் உதவிப் பக்கத்தில் போடுங்கள், திரையைப் படம் எடுத்து அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உசிலம்பட்டி பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டர்காரன்