சிறு வீட்டு முற்றத்துக்கு எந்தச் செண்பகம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் வரும் வீட்டுத்தோட்டப் பக்கத்தில், சிறிய இடத்திலும் மக்னோலியா என்ற பூச்செடியை வளர்க்கலாம் என்று எழுதியிருந்ததை மகிழ்ச்சியோடு படித்தேன். கட்டுரையின் கருத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் அதனுடன் வெளியான படத்தில், ஓர் இலைகூட இல்லாத கிளைகளில் இளஞ்சிவப்புப் பூக்கள் நிறைந்திருந்தன. அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கோலாலம்பூர்வாசிகள் செடி வாங்கப் புறப்பட்டால் பணமும் உழைப்பும் வீணாகும் என்பதால், சில விளக்கங்களை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இலை உதிர்த்து வெறுங்கிளையில் பூக்கும் அத்தகைய மக்னோலியாக்கள் குளிர்நாடுகளுக்கு உரியவை. அவற்றில் பெரும்புகழ் பெற்ற சூலான்ஜ் வகை, 1820 ஆம் ஆண்டில் பாரிஸ் நகருக்கு அருகே சூலான்ஜ் போதின் என்பவர் இரண்டு சீன வகைகளை இணைத்து உருவாக்கியது. சிறு தோட்டங்களுக்கு ஏற்றதென்று மேல்நாட்டு நூல்கள் பரிந்துரைக்கும் வெள்ளை நட்சத்திர மக்னோலியாவின் தாயகம் ஜப்பான். இவை கோடையில் மொட்டுக் கட்டி, குளிர்காலம் முழுவதும் உறங்கி, வசந்தத்தின் வெப்பம் தொட்டதும் மலர்பவை. இரவிலும் 23, 24 பாகைக்குக் கீழே பெரும்பாலும் இறங்காத நமது ஊரில் அந்த உறக்கத்துக்கே இடமில்லை; செடி சில காலம் இலைவிட்டு நின்று, பூவே காட்டாமல் மெலிந்து போகும். இணையக் கடைகளில் ‘நீல மக்னோலியா விதை’ என்று விற்கிறார்களே, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அப்படியொரு நீலப்பூ மக்னோலியா உலகில் எங்குமே இல்லை.

அப்படியானால் நமக்கு உரிய மக்னோலியா எது என்ற கேள்வி எழும். அம்மனுக்குச் சாத்தவும் கொண்டையில் செருகவும் நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பறித்துவரும் செண்பகமே மக்னோலியா இனத்தைச் சேர்ந்ததுதான். முன்பு அதை மிச்சேலியா என்ற தனிப் பேரினமாக வைத்திருந்த தாவரவியலாளர்கள், பின்னர் மக்னோலியாவுடன் சேர்த்துவிட்டார்கள். எனவே செண்பகத்தை வைத்தால் போதாதா என்று பலர் எண்ணுவது இயல்பு. எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மஞ்சள் செண்பகத்தையும், மலாய்க்காரர்கள் செம்பாக்கா பூத்தே என்று அழைக்கும் வெள்ளைச் செண்பகத்தையும் வாசலில் நட்டவர்கள் பலர் இருக்கிறார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இவ்விரண்டும் செடிகளல்ல, 30 மீட்டர் உயரம் வரை வளரக்கூடிய மரங்கள். செடிக்கடையில் ஒட்டுக் கட்டி வைத்திருக்கும் வெள்ளைச் செண்பகம் இடுப்பு உயரத்திலேயே பூத்து நிற்பதால், அது அந்த அளவிலேயே நின்றுவிடும் என்று வாங்குபவர் நம்பிவிடுகிறார். ஒட்டு என்பது பூக்கும் காலத்தை முன்னுக்குக் கொண்டுவருமே தவிர, மரத்தைக் குள்ளமாக்கிவிடாது. இருபது அடி அகலத் தொடர்வீட்டின் வாசலில், முன்புறக் கால்வாய்க்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவே அதை நட்டால், சில ஆண்டுகளில் கிளைகள் மின்கம்பியைத் தொட, வேர் கால்வாய்ச் சுவரைத் தள்ள, பக்கத்து வீட்டாருடன் மனத்தாங்கல் வர, கடைசியில் ஒருநாள் இயந்திர வாள் வந்து நிற்கிறது. 2024 மே 7 அன்று சுல்தான் இஸ்மாயில் சாலையில் பெருமரம் ஒன்று சாய்ந்து ஓர் உயிரைப் பறித்த பிறகு, நல்ல நிலையில் உள்ள மரங்களைக்கூட மக்கள் அச்சத்தோடு பார்க்கிறார்கள். எங்கள் தெருவில் அண்மையில் வெட்டப்பட்ட மஞ்சள் செண்பகத்தில் நோயும் இல்லை, பொந்தும் இல்லை. நட்ட இடம் ஒன்றுதான் அதன் குற்றம்.

சிறு முற்றத்துக்கென்றே அமைந்தவை போல இரண்டு மக்னோலியாக்கள் இருக்கின்றன. இரண்டுமே தென்சீனப் பகுதியிலிருந்து வந்து, நமது வெப்பத்துக்கும் மழைக்கும் பழகிவிட்டவை. இரண்டையும் ஐரோப்பிய அறிவுலகுக்கு 1790 இல் அறிமுகப்படுத்தியவர் லொரைரோ என்ற போர்த்துகீசியப் பாதிரியார். முதலாவது, மக்னோலியா ஃபிகோ. ஆளுயரத்துக்குச் சற்று மேலே, இரண்டு மூன்று மீட்டரோடு நின்றுவிடும் அடர்ந்த புதர். இலை சிறியது, பளபளப்பானது. மொட்டைச் சுற்றி வெல்வெட்டுத் துணி போர்த்தியதைப் போலப் பழுப்பு நிற ரோமம் இருக்கும்; அது பிரிந்ததும், ஓரங்களில் கருஞ்சிவப்புக் கோடிட்ட வெளிர்மஞ்சள் இதழ்கள் ஆறு தெரியும். பூ முழுதாக விரிவதே இல்லை. கட்டைவிரல் அளவுள்ள அந்தப் பூவிலிருந்து நன்கு பழுத்த வாழைப்பழத்தின் மணம் வெயிலேறிய பொழுதில் வாசல் கடந்து வரும். இலைக்கணுக்களில் ஒளிந்து பூப்பதால், எங்கிருந்து மணம் வருகிறது என்று வந்தவர்கள் தேடுவார்கள்.

இரண்டாவது, மக்னோலியா கோக்கோ. மலாயில் செம்பாக்கா கொண்டோக் என்பர். இதுவும் புதர்தான், தொட்டியில் வைத்தால் மார்பளவைத் தாண்டுவது அரிது. அடர்பச்சை இலைகளில் நரம்புகள் வலைப்பின்னலாய்ப் புடைத்திருக்கும். கிளைநுனியில் கோழிமுட்டையைவிடச் சிறிய மொட்டு தலைகவிழ்ந்து தொங்கும். புற இதழ் மூன்றும் இளம்பச்சையாகவும், உள்ளிதழ் ஆறும் தடித்த வெள்ளையாகவும் இருக்கும். மாலையில் திறந்து, இரவில்தான் மணக்கும். மறுநாள் தொட்டால் இதழ்கள் பொலபொலவென்று உதிர்ந்துவிடும் என்பதால் மாலைகட்ட உதவாது. பூசைக்குப் பூ வேண்டும் என்போர் ஃபிகோவையே வைக்கட்டும். வேலை முடித்து இரவில் வீடு திரும்புவோருக்கும், படுக்கையறைச் சன்னல் வாசலைப் பார்த்திருப்போருக்கும் கோக்கோவைப் போல வேறொன்று இல்லை என்பது என் கருத்து. இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

இவற்றை வளர்ப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை; மண் ஒன்றுதான் கவனம் கேட்பது. மக்னோலியாவுக்குச் சற்றே அமிலத்தன்மையுள்ள, இலைமக்கு நிறைந்த, நீர் தேங்காத மண் வேண்டும். நமது செம்மண் இயல்பாகவே அமிலத்தன்மை கொண்டதுதான். ஆனால் புதிய தாமான்களில் வீட்டு முன்புறத்து மண் என்று ஒப்படைக்கப்படுவது பெரும்பாலும் செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும் கலந்த கட்டடக் கழிவு. அதிலுள்ள சுண்ணாம்பு மண்ணின் தன்மையை மாற்றிவிடுவதால், செடியால் இரும்புச்சத்தை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகிற இலைகளைப் பார்த்துவிட்டு, உரம் போதவில்லை என்று மேலும் மேலும் உரமிடுபவர்கள் இருக்கிறார்கள், அதனால் தீங்குதான். முழங்கால் ஆழத்துக்கும் ஒரு கை நீள அகலத்துக்கும் குழி தோண்டி, கழிவை அப்புறப்படுத்தி, நல்ல மேல்மண்ணோடு மக்கிய இலையும் தேங்காய் நார்த்தூளும் கலந்து நிரப்பி நட வேண்டும். மழைநீர் நிற்கும் தாழ்வான இடமென்றால் மண்ணை மேடாக்கி நடுவது நல்லது. இதன் வேர் சதைப்பற்றுடையது, எளிதில் முறியும். ஆகவே முதலிலேயே இடத்தைத் தீர்மானித்துவிட்டுப் பிறகு இடம் மாற்றாமல் இருப்பதே முறை. சுற்றிலும் மண்வெட்டியால் கொத்துவதையும் தவிர்க்க வேண்டும். களைகளைக் கையால் பிடுங்கினால் போதும்.

காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் கிழக்குப் பார்த்த வாசல் மிகப் பொருத்தம். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் நுனிகளைக் கிள்ளிவிட்டால் புதர் அடர்த்தியாகும். மொட்டு வைத்தபின் வெட்டினால் பூக்களை நாமே வெட்டியெறிந்தவர்கள் ஆவோம். எறும்பு வரிசையாக ஏறுவதைக் கண்டால் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். செதிள் பூச்சியோ மாவுப்பூச்சியோ இருக்கும். சோப்புநீரில் நனைத்த துணியால் துடைத்தாலே நீங்கிவிடும். இலைகளைக் கடித்துத் தின்னும் பச்சைப் புழுக்களைக் கண்டால் மட்டும் மருந்தடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கரிய இறகில் பச்சைப் புள்ளிகளோடு டுரியான் பிளாண்டா (முள்சீத்தா) மரத்தைச் சுற்றிப் பறக்குமே ஒரு வண்ணத்துப்பூச்சி, அது செண்பகக் குடும்பத்துச் செடிகளிலும் முட்டையிடும். நாலு இலை போனால் செடி சாகாது.

தொட்டியில் வளர்ப்போர் அடித்தட்டு வைக்காமலிருப்பது நலம். தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு பெருகினால் டிங்கி ஆபத்து ஒருபுறம். 1975 ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்கீழ் அபராதமும் உண்டு.

செடிகள் கிடைக்குமிடத்தையும் சொல்லிவிடுகிறேன். சுங்கை பூலோவில், 1930 இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பில் வாழ்ந்தோரும் அவர்களது குடும்பத்தாரும் வளர்த்தெடுத்த செடிக்கடைகள் இன்றும் சாலையோரம் நீளமாக இருக்கின்றன. அங்கே பழைய கடைக்காரர்களிடம் ஃபிகோவை மிச்சேலியா என்ற பழைய பெயரைச் சொல்லிக் கேட்பது பயன் தரும். பெயர்ச்சீட்டை மட்டும் நம்பாமல், பூவோ மொட்டோ உள்ள செடியாகப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. கன்றாக இருக்கையில் செண்பகத்தையும் இவற்றையும் பிரித்தறிவது புதியவர்களுக்கு எளிதன்று. விதை தேடி அலைய வேண்டியதில்லை. ஏற்கெனவே வைத்திருக்கும் நண்பர் கிடைத்தால், பென்சில் பருமனுள்ள கிளையில் பட்டையை வளையமாக நீக்கி, ஈரநார் பொதிந்து, நெகிழித்தாளால் கட்டி விண்பதியம் போட்டு வேர்விட்ட கன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுத்தோட்டப் பக்கத்தில் இனி எந்தச் செடியைப் பரிந்துரைத்தாலும், அது இந்நாட்டுத் தாழ்நிலத்தில் பூக்குமா, முழு வளர்ச்சியில் எவ்வளவு உயரம் போகும், சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி நட வேண்டும் என்ற மூன்றையும் படத்துக்குக் கீழேயே அச்சிட வேண்டுகிறேன். விலையைப் பெரிய எழுத்தில் எழுதும் செடிக்கடைக்காரர்களும் அதே சீட்டில் முழு உயரத்தைச் சேர்த்து எழுதினால், செண்பகக் கன்றை வாங்க வருபவருக்குத் தம் வாசலில் அதற்கு இடமிருக்கிறதா என்பது பணம் கொடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்.